இடது பாதி, வலது பாதி, கொசுறு

புது ஹார்டு டிஸ்க்கை உறையைக் கிழித்த கையோடு வேலைக்குப் போடக்கூடாது. கரண்ட் கொடுத்துக் காதோடு வைத்துக் கேட்க வேண்டும், டிக் டிக் என்றால் வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முழுக்க அழிக்க வேண்டும், ஒன்றுமே எழுதாததை எதற்கு அழிக்க வேண்டும் என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லக்கூடாது, அழித்த பிறகு மூலை முடுக்கு விடாமல் எழுதிப் பார்க்க வேண்டும், எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும், எழுதியதும் வாசித்ததும் ஒன்றாக இருந்தால்தான் அதில் ஒருவன் தன் கல்யாணத்தை நம்பி வைக்கலாம். விஷயம் இவ்வளவுதான். இதற்கு நடுவில் எங்கள் தெருவில் ஒரு வீடு இடமிருந்து வலமாக வெள்ளையாகிப் போனதும், அந்த வீட்டில் ஒருத்தி கண்ணுக்குத் தெரியாமல் போனதும் டிஸ்க்கால் வந்ததில்லை. ஒரு வார்த்தையால் வந்தது.

சங்கரன்கோவிலில் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு நேர் எதிரே ஆவுடை ஸ்டுடியோ. கீழே முன்பக்கம் ஸ்டுடியோ, மற்றதெல்லாம் வீடு. அண்ணன் கோமதிநாயகம் வீடியோ எடுப்பார், பெண்டாட்டி செத்துப் பல வருஷம் ஆகிறது. தம்பி புன்னைவனம் போட்டோ எடுப்பான், அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு ராஜபாளையம் போயிருந்தாள். தங்கச்சி ஆவுடை, புருஷன் வீட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள், ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அண்ணன் எடுத்ததையும் தம்பி எடுத்ததையும் வெட்டி ஒட்டி, மாப்பிள்ளை தலைக்கு மேல் ரோஜாப்பூ கொட்டவைத்து, பொண்ணு பக்கத்தில் மயிலை ஆடவைத்து, சிடி போட்டுக் கொடுப்பது அவள்தான். சமையல் அவள்தான். காபியும் அவள்தான். படுக்கை மட்டும் வீட்டின் வலது ஓரத்தில், முடுக்குச் சந்தை ஒட்டினாற்போல் இருக்கிற தட்டுமுட்டு அறையில்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் புன்னைவனம் கேமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்துவிட்டான். வீடியோவில் மாப்பிள்ளை இல்லை, பொண்ணு இல்லை, தாலி இல்லை, கெட்டிமேளச் சத்தத்தோடு புன்னைவனத்தின் பின்மண்டை மட்டும் இருந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு. அதற்குப் பிறகு எல்லாம் ஆவுடை வழியாகத்தான். "ஏ ஆவுடை, அந்தப் பய சாப்பிட்டானான்னு கேளு." "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு ஆவுடை." இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்.

பழைய டிஸ்க் நிறைந்துபோய்ப் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு கோமதிநாயகம் கடைக்கு வந்தபோது நான் கேட்டது இதைத்தான்: "பார்ட்டிஷன் போடணுமா வே?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"போட்டுரலாங்கியளா அண்ணாச்சி?"

"போடுறதுன்னா போடலாம். ஆளுக்குப் பாதி. அவன் ஃபைல நீரு தொட முடியாது, உம்ம ஃபைல அவன் தொட முடியாது."

"இத யாராவது ஒருத்தர் சொல்லணும்னுதான் காத்திருந்தேன்," என்று எழுந்து போனார். நான் டிஸ்க்கைப் பற்றிப் பேசினேன். அவர் எதைப் பற்றிக் கேட்டார் என்பது நாலு நாள் கழித்து, ஜோசியரிடம் நேரம் குறித்து, தேங்காயும் வெற்றிலையும் சந்தனக் கிண்ணமுமாக அண்ணனும் தம்பியும் குளித்து வேட்டி கட்டிக் கடைப்படி ஏறியபோதுதான் எனக்கு விளங்கியது. பின்னால் ஆவுடை தாம்பாளத்தோடு.

"எதுக்கு வே இதெல்லாம்?"

"பாகப்பிரிவினைன்னா சும்மாவா?"

எடுத்துச் சொல்லி விளக்க எனக்கு நேரமில்லை. மூன்று பேர் பிரிண்டரோடு நிற்கிறார்கள். ஆகட்டும் என்று கம்ப்யூட்டரைத் திருப்பினேன். அதற்குள் கோமதிநாயகம் டிஸ்க்கின் மேல் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார், அதுவும் சரியாகக் காற்றுத் துளைமேல். இந்தத் துளையை மூடாதே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. துடைத்தேன். கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம். அதனால்தான் நடந்ததா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. கேட்காதீர்கள்.

மூத்தவன் பிரிக்கணும், இளையவன் எடுக்கணும், அதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். திரையில் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகக் கிடந்தது. கோமதிநாயகம் மவுஸைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, கோட்டை இழுத்து நடுவில் விட்டார். தம்பி ஒரு மயிர் கூட்டி எடுத்துவிடக் கூடாதே என்று திரும்பவும் இழுத்தார், திரும்பவும் விட்டார், இரண்டு பாதியும் சரிக்குச் சரி ஆகிற வரைக்கும் என் உயிரை எடுத்தார். புன்னைவனம் இடது பாதியைக் காட்டினான். வலது அண்ணனுக்கு. கோமதி என்று ஒன்றுக்கும் புன்னை என்று ஒன்றுக்கும் பெயர் வைத்தேன். சரிக்குச் சரியாக வெட்டியதில் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புத் துண்டு மிஞ்சியது.

"அது யாருக்கு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"யாருக்குமில்ல. ஒதுக்கப்படாததுன்னு எழுதியிருக்கு பாரும். கொசுறு."

"கெடக்கட்டும்," என்றார்.

"அண்ணன் சொன்னாச் சரின்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றான் தம்பி. இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

முழு ஃபார்மேட் போட்டேன். புதுசுதானே அண்ணாச்சி, கழுகுமலைக் கல்யாணத்த எடுத்து வச்சிருக்கோம், அப்படியே குடுத்துருங்களேன் என்றான் புன்னைவனம். புதுச் செருப்புதான்ல காலைக் கடிக்கும், போ என்றேன். தேங்காயை உடைத்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து சதவீதம் ஆனபோது தெருவில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஸ்டுடியோ வீட்டின் இடது ஓரச் சுவர், மேலிருந்து கீழ்வரை, ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு வெள்ளை இல்லை, பெயிண்ட் வெள்ளை இல்லை. ஒன்றும் இல்லாத வெள்ளை. ஆணி அடித்த ஓட்டை இல்லை, மழைக்கறை இல்லை, தேர்தல் சின்னம் இல்லை, கரிக்கட்டையால் எவனோ எவளுக்கோ வரைந்த அம்புக்குறி இல்லை. நான் திரும்பி வந்து திரை பத்து சதவீதம் காட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் போய்ச் சுவரைப் பார்த்தேன், இரண்டு முழம்.

என் பக்கத்து டீக்கடைக் குருசாமி முதலில் ஒரு பெஞ்சை வெளியே தூக்கிப் போட்டார், அது போதாமல் இன்னொன்று, அதற்குள் கடலை விற்கிறவன் வந்துவிட்டான், கோவிலுக்கு வந்தவர்கள் சுற்றி முடித்த கையோடு இங்கே வந்து ஒரு சுற்று நின்றார்கள், வெள்ளை போகிற வழியில் எது இருந்தாலும் இல்லாமல் போகிறது என்பது கோமதிநாயகத்தின் ஒரு செருப்பு இல்லாமல் போனதில் தெரிந்துவிட்டதால் தெரு முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, கட்டிலும் பீரோவும் கிரைண்டரும் குடை விளக்குகளும் வெள்ளைக்கு ஓர் எட்டு முன்னால் வெளியே தூக்குவதும், வெள்ளை கடந்துபோன இடத்தில் திரும்பக் கொண்டுபோய் வைப்பதுமாக, ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் குடிபோவதும் குடிவருவதும் நடந்தது. ஸ்டுடியோ போர்டில் 'ஆவுடை' போய்விட்டது, 'ஸ்டுடியோ' மட்டும் இருந்தது, பிறகு 'டியோ' இருந்தது, பிறகு அதுவும் இல்லை. தூக்குகிற சிரமத்துக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்க நேரமில்லாமல், உடைந்த ட்ரைபாட், கல்யாணம் முறிந்துபோய் வாங்க ஆளில்லாத ஆல்பங்கள், ஓடாத மிக்ஸி, ஒற்றைக்கால் நாற்காலி எல்லாவற்றையும் "அந்தக் கடைசித் தட்டுமுட்டு அறைக்குள்ள தள்ளுங்கப்பா, அது கொசுறு, அங்க வெள்ளை வராது" என்று அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமிருந்தும் தள்ளினார்கள். அதில் ஒரு பாய் விரித்திருந்தது. பாயின் மேலேயே தள்ளினார்கள்.

எனக்குத்தான் தொந்தரவு. எத்தனை சதவீதம் அண்ணாச்சி என்று யாரும் கேட்கவில்லை, வீட்டைப் பார்த்தே சொன்னார்கள். ஆனால் வரி போடுகிறவர் வந்து பாதி வெள்ளையானதற்கு என்ன வரி என்று என்னிடம் கேட்டார். கட்சிக்காரன் வந்து முடிந்ததும் சுவர் எங்களுக்கு என்று மூலையில் பெயர் எழுதினான், அதுவும் அழிந்தது, திரும்ப எழுதினான். வக்கீல் வந்து வருத்தப்பட்டார்: "ஒரு பார்ட்டிஷன் கேஸுன்னா அப்பன் போட்டு மகன் நடத்திப் பேரன் ராஜியாகணும் அண்ணாச்சி. நீங்க ரெண்டு நாள்ல முடிச்சா நாங்க கருப்புக் கோட்டப் போட்டுக்கிட்டு எங்க போறது?" மறுநாள் காலை கடை திறக்கும்போது சுற்றுப்பட்டிலிருந்து அண்ணன் தம்பிகள் வரிசையில் நின்றார்கள். ஒருத்தன் ஆறு பங்கு என்று ஒரு பென் டிரைவை நீட்டினான்.

"பென் டிரைவ்ல வீடு நிக்காது வே. போரும்."

"கெணறு மட்டும்?"

"போரும்ங்கேன்."

நூறு சதவீதம் ஆனது. வீடு இரண்டு பாதியும் வெள்ளை வெளேர் என்று நின்றது, முடுக்குப் பக்கத்து ஓரம் மட்டும் பழையபடி கறுத்துக் கிடந்தது. நடுவில் கோடு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கோமதிநாயகம் இடது பாதிக்குப் போக ஓர் எட்டு எடுத்து வைத்தால் வலது பாதியிலேயே வந்து நின்றார். புன்னைவனத்துக்கும் அப்படியே. சாமான் போகும், ஆள் போக முடியாது. அடுக்களை நட்டநடுவில் மாட்டிக்கொண்டது: அடுப்பு இவன் பக்கம், ஃபில்டரும் பாலும் அவர் பக்கம். இரண்டு பேரும் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, நல்லதாகப் போயிற்று என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆவுடை அந்த இரண்டு பாதியிலும் இல்லை. எந்தப் பெயரின் கீழும் அவள் வரவில்லை. அதனால் வீட்டுக்குள் அவள் எங்கே நின்றாலும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வாசல்படி தாண்டித் தெருவில் இறங்கினால் தெரிவாள், படி ஏறினால் தெரியமாட்டாள். கோட்டைத் தாண்டிப் போக வர அவள் ஒருத்தியால் முடிந்தது. "ஏ ஆவுடை, காபி" என்றார் அண்ணன், டம்ளர் ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "எனக்கும்" என்றான் தம்பி, இன்னொன்று வந்தது. சூடு சரியாக இருந்தது. காபி வந்துகொண்டிருந்த வரைக்கும் ஆளைக் காணவில்லை என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

அவளுக்கும் முதலில் அது பிடித்துத்தான் இருந்தது. மளிகைக் கடையில் குருசாமியின் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்: "நடுவீட்டுல கால நீட்டி உக்காந்து முறுக்கு தின்னேன் மதினி. பெரியண்ணன் எதிர்ல. ஒரு சொல் சொல்லலையே."

ஃபார்மேட் முடிந்தால் டெஸ்ட். எழுதி எழுதி வாசிக்க வேண்டும். ஆரம்பித்தேன். எதிர்வீட்டில் புன்னைவனம் போனில் பேசிக்கொண்டிருந்தான், "ஆல்பம் பைண்டிங்ல இருக்கு அண்ணாச்சி, நாளைக்குக் கையில இருக்கும்" என்று. அவன் பேசி வாயை மூடியதும் வீடு, "ஆல்பம் பைண்டிங்ல இருக்கு அண்ணாச்சி, நாளைக்குக் கையில இருக்கும்" என்றது. அவன் குரல்தான், அவன் இழுவைதான், நடுவில் அவன் விட்ட ஏப்பம்கூட இருந்தது. ஆல்பம் பைண்டிங்குக்குப் போகவே இல்லை. வீடு அதைக் கேட்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டுவதுதான் டெஸ்ட்டின் வேலை, பொய்யா மெய்யா என்று பார்ப்பது இல்லை.

பெஞ்சுகள் திரும்ப வெளியே வந்தன. கோமதிநாயகம் குளிக்கும்போது பாடியது இரண்டு தடவை கேட்டது. அவர் தம்பியை ஏசியது இரண்டு தடவை கேட்டது, ஒருமுறை சொல்லும்போது சரியாகத் தோன்றியது திரும்பக் கேட்கும்போது அவர் முகத்தை என்னவோ செய்தது, ஏசுவதைக் குறைத்துக்கொண்டார். தெருவில் ஆளாளுக்குத் தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டெஸ்ட் போட்டால் தேவலை என்றார்கள், பெண்டாட்டிமார் அதை ஆமோதித்தபோது வேண்டாம் என்றார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஒரே சங்கடம் காபிதான். அண்ணன் ஒரு தடவை "ஏ ஆவுடை, காபி" என்பார், வீடு ஒரு தடவை "ஏ ஆவுடை, காபி" என்னும், இரண்டு டம்ளர் வரும். தம்பிக்கும் இரண்டு. பால்காரன் சந்தோஷமாக இருந்தான்.

டெஸ்ட்டின் இரண்டாம் நாள் மத்தியானம் ஆவுடை கடைக்கு வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, டெஸ்ட்டு என் அறையில வேலை செய்யல."

"உன் அறையில டெஸ்ட்டே போடல."

"எல்லாரு பேச்சும் திரும்ப வருது. நான் இந்தா காபின்னு சொன்னேன், வரல. சத்தமாச் சொன்னேன், வரல. என் அறைக்குள்ள போயி என் பேரச் சொல்லிப் பாத்தேன். ம்ஹூம்." கையை விரித்துக் காட்டினாள். "சுவத்துல முட்டின மாதிரிகூட இல்ல அண்ணாச்சி. நான் வாயே தெறக்காத மாதிரி."

"ஒதுக்கப்படாத இடத்துல எதையும் எழுத முடியாது. எழுத முடியாததை எப்படி வாசிக்கும்?"

"அப்ப நான் அங்க இருந்ததுக்கு ஒரு தடமும் கெடையாதா?"

சாதத்தைப் பிசைந்தேன். 

"டெஸ்ட்டு முடிஞ்சு நீங்க டிஸ்க்கக் குடுத்துட்டா அப்புறம் இப்படியேதானா?"

"டிஸ்க்கு என் கையில இருக்கிற வரைக்கும் மாத்தலாம். அதுல கல்யாணத்த ஏத்திட்டாங்கன்னா அப்புறம் கை வைக்க முடியாது. சாயங்காலம் வந்து வாங்கிருவாங்க."

"என்ன மாத்தலாம்?"

"ரெண்டு வழி. கொசுறை பக்கத்துப் பாதியோட சேத்துரலாம். பக்கத்துல இருக்கிறது உங்க பெரியண்ணன். அவர் கணக்குல நீயும் ஒரு சாமான். இல்ல, கம்ப்யூட்டர்ல சி, டின்னு வருமே, அது மாதிரி அதுக்கும் தனி எழுத்துக் குடுத்துத் தனிப் பாகமாக்கலாம்."

அவள் கடை முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் காபி போடப் போகல," என்றாள், என்னிடம் இல்லை, பொதுவாக. எதிர்வீட்டில் "ஏ ஆவுடை" கேட்டது. திரும்பவும் கேட்டது, அது வீடு. பிறகு அண்ணன் குரல், பிறகு வீடு, பிறகு தம்பி குரல், பிறகு வீடு. தெருவே எண்ணிக்கொண்டிருந்தது, எனக்கு எரிச்சலாக வந்தது. அரை மணி நேரம் தாங்கினார்கள். அப்புறம் ஆளுக்கொரு வாசல் வழியாக இறங்கி ஓடிவந்தார்கள்.

"அண்ணாச்சி, ஆவுடையக் காணோம்."

"எப்பயிலேருந்து?"

"இப்பத்தான். அரை மணி நேரமா."

"ரெண்டு நாளா வே," என்றேன்.

அப்போதுதான் ஸ்டூலைப் பார்த்தார்கள். கோமதிநாயகத்துக்கு உயிர் வந்தது, உடனே கோபமும் வந்தது. "ஏட்டி, இங்க வந்து உக்காந்திருக்க? கழுகுமலை கல்யாணத்த யாரு வெட்டுறது?"

"பெரியண்ணே, எனக்கு ஒரு எழுத்து வேணும்."

"என்ன எழுத்து?"

"அந்தக் கொசுறுக்கு."

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தனி எழுத்து? நாங்க உன்னப் பாத்துக்க மாட்டமா?"

"பாக்கவே முடியலையே வே உம்மால," என்றேன். குருசாமி பெஞ்சில் சிரிப்பு எழுந்து அடங்கியது.

புன்னைவனம் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணாச்சி, அவர்கிட்டச் சொல்லுங்க. அவளுக்கு வேணும்னா என் பக்கம் சேத்துக்கிடுதேன்."

"அவன் பக்கத்துக்கும் கொசுறுக்கும் நடுவுல நான் இருக்கேன்னு அவன்கிட்டச் சொல்லுங்க. சேர்க்கிறதுன்னா என் பக்கந்தான் சேரும்."

"யாரு பக்கமும் வேண்டாம்," என்றாள் ஆவுடை. எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எழுந்துகொண்டேன், எழச் சொல்லவில்லை, எழுந்துகொண்டேன். டெஸ்ட் அப்போதுதான் முடிந்து பிழை இல்லை என்று நின்றது. அவள் மவுஸைக் கறுப்புத் துண்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"எடம் ரொம்பக் கம்மிம்மா," என்றேன்.

"நான் ஒருத்திதான அண்ணாச்சி. எந்த எழுத்தெல்லாம் காலியா இருக்கு?"

"எது வேணும்னாலும். 'ஏ'கூட இருக்கு. ஃபிளாப்பி காலத்துல அதுக்குன்னு எடுத்து வச்சது, இப்ப யாரும் சீண்டுறதில்ல."

"அதக் குடுங்க."

கொடுத்தேன். திரையில் அவள் எழுத்து முதலில் வந்து நின்றது, அண்ணன் தம்பி எழுத்துகள் அதற்குக் கீழே இறங்கின. கோமதிநாயகம் குனிந்து பார்த்தார்.

"எங்களுக்கு மேல வருதே."

"அகர வரிசை வே. நான் என்ன செய்ய?"

ஃபார்மேட் போடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மேலாக்கப் போடட்டுமா, முழுசாகவா என்றும் கேட்டது. முழுசாகப் போட்டால் உள்ளே இருப்பது எதுவும் மிஞ்சாது, யோசித்துச் சொல் என்றேன்.

"அதுல என் ட்ரைபாட் கெடக்கு," என்றார் கோமதிநாயகம்.

"அது யாரு ட்ரைபாட்னு அவர்கிட்டக் கேளுங்க அண்ணாச்சி," என்றான் புன்னைவனம்.

"கால் ஒடஞ்சு எத்தனை வருஷமாக் கெடக்கு?" என்றாள் ஆவுடை. "ரெண்டு பேரும் வேணுங்கிறத இப்பவே எடுத்துக்கிடுங்க. நான் காத்திருக்கேன்." அவள் முடுக்கு வழியாகப் போய்த் தன் கம்ப்யூட்டரையும் தலையணையையும் தகரப் பெட்டியையும் எடுத்துக் குருசாமி பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அண்ணனும் தம்பியும் ட்ரைபாட் யாருடையது என்று என்னைப் பார்த்தே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், மிக்ஸிக்கு வந்தார்கள், ஒற்றைக்கால் நாற்காலிக்கு வந்தார்கள், முறிந்த கல்யாணங்களின் ஆல்பங்களில் எதை எவன் எடுத்தான் என்பதற்கு வந்தார்கள், இரண்டு பேரில் ஒருவரும் படி இறங்கிப் போய் ஒன்றையும் எடுக்கவில்லை. அவள் முழுசு என்பதை அழுத்தினாள்.

சின்ன இடம்தான், சீக்கிரம் முடிந்தது. முடுக்குப் பக்கத்துக் கறுப்பு ஓரம் வெளுத்துக்கொண்டே போனதைத் தெரு நின்று பார்த்தது. இந்தத் தடவை யாரும் எதையும் தூக்க ஓடவில்லை. ட்ரைபாட் போயிற்று, மிக்ஸி போயிற்று, நடக்காத கல்யாணங்கள் எல்லாம் போயின. கடைசியில் ஒரு வெள்ளை அறை இருந்தது, முடுக்கைப் பார்த்து ஒரு கதவும், கோமதிநாயகத்தின் பாதியைப் பார்த்து ஒரு கதவும் இருந்தன. இரண்டாவது கதவு முன்பும் உண்டு. தாழ்ப்பாள் இப்போதுதான் வந்திருந்தது, உள்பக்கமாக.

"ஏதாவது பேசு," என்று முடுக்கிலிருந்து கத்தினேன். "எழுதிப் பாக்கணும்லா. டெஸ்ட்டு போடாம நான் எதையும் குடுக்கிறதில்ல."

அவள் நடு அறையில் நின்றாள். கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் தெரிந்தாள், வீட்டுக்குள் நின்றும் தெரிந்தாள். என்ன பேசுவது என்று கொஞ்சம் யோசித்தாள். தொண்டையைச் செருமினாள்.

"காபி வேணும்னா ரெண்டு பேரும் போட்டுக் குடிங்க," என்றாள்.

 கடலை விற்கிறவன்கூடத் தாளைக் கசக்கவில்லை.

முதலில் செருமல் வந்தது. அப்புறம் வீடு, அவள் குரலில், அவள் நிறுத்தின இடத்தில் நிறுத்தி, "காபி வேணும்னா ரெண்டு பேரும் போட்டுக் குடிங்க" என்றது.

ஆவுடை சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைக் கொண்டுவாங்க மதினி என்றாள். நான் கடைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். பிழை இல்லை. டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். கழுகுமலை கல்யாணத்தை அவள் தன் எழுத்தில் ஏற்றிக்கொண்டாள், வேண்டியவன் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

கூட்டம் கலைந்தது. பெஞ்சுகளைக் குருசாமி உள்ளே இழுத்தார். எதிர்வீட்டு ஜன்னல் என் கடைக்கு நேராக இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. அடுக்களையில் அண்ணன் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஃபில்டரோடு நின்றார். தம்பி அந்தப் பக்கம் தீப்பெட்டியோடு நின்றான். ஒருத்தர் பாலைக் கோட்டுக்கு அப்பால் நீட்ட வேண்டும், ஒருத்தன் அதை வாங்கி அடுப்பில் வைக்க வேண்டும். நெடுநேரம் நின்றார்கள். பால் கோட்டைத் தாண்டிப் போயிற்று. பொங்கிற்று. வழிந்தது. அணைத்தார்கள். பிறகு கோமதிநாயகம், கோட்டைப் பார்த்துக்கொண்டு, என்னையும் கூப்பிடாமல், யார் வழியாகவும் இல்லாமல் கேட்டார்:

"ஏல, சீனி எங்க இருக்கு?"

தம்பி திகைத்துப்போனான். "தெரியலையே அண்ணே."

இருவரும் டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்தார்கள். உப்பு கிடைத்தது, வெந்தயம் கிடைத்தது, தம்பி எதையோ நக்கிப் பார்த்துவிட்டுச் சோடா மாவு அண்ணே என்றான். காபி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் கோமதிநாயகம் தன் பாதியின் ஓரத்துக்கு நடந்துபோய் அந்தக் கதவின் முன்னால் நின்றார். தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. அந்தக் கதவை அவர் எந்தக் காலத்திலும் தட்டியதில்லை, எப்படித் தட்டுவது என்று தெரியாதவர்போலக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு விரலால் தட்டினார்.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

"நாங்கதான்," என்றார் கோமதிநாயகம்.

உள்ளே மயில் ஆடுகிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"மேல் தட்டுல, நீலத் தூக்குல இருக்கு," என்றாள். கதவைத் திறக்கவில்லை. "எனக்கும் ஒரு டம்ளர் போட்டு வாசல்ல வச்சிருங்க."